ஆமை பேசிய டொச்

டிசம்பரின் இரண்டாம் சனி.
கெல்லரில் கிடந்த ஆறு பெட்டிகளும்
ஹோலுக்கு ஏறி வந்துவிட்டன.
நத்தாருக்கு முன் பாதி வெளியே போகவேணும்,
இல்லாவிட்டால் புதிதாய் ஒன்றும் உள்ளே வராது.
இது சட்டம். போட்டவள் நான்.

ஆரபிக்குக் கை நடுங்கவேயில்லை.
பத்து வயது. தரையில் குந்தியிருந்து தீர்ப்புச் சொல்கிறாள்.
ஒற்றைக் கண் கரடி, போ.
குதிரை தொலைந்த வண்டி, போ.
தண்டவாளப் பெட்டி, அப்படியே போ.
வேலையால் வந்த தகப்பன்
ஜக்கெற்றும் கழற்றாமல்
அந்தத் தண்டவாளத்தை வட்டமாய்ப் பூட்டிப் பார்த்தார்.
இரண்டு துண்டு குறைவு.
"ரயில் விழுந்திடும்" என்றார், யாருக்கோ.
பெட்டி அவர் காலடியிலேயே நின்றுவிட்டது.

பிறகு ஆமை வந்தது.
பிளாஸ்டிக் ஆமை, முதுகில் ஆறு நிறக் கட்டம்.
"இதுவும்" என்று பைக்குள் எறிந்தாள்.
விழுந்த அதிர்ச்சியில் அது கதைத்தது:
ரோட்!

வெங்காயம் வெட்டிய கத்தி
பலகையில் நின்றது.

அப்போது பூர்க்டோர்ஃபில் மூன்றாம் மாடி.
வகுப்புக்குப் போகக் காசில்லை,
பிள்ளையைப் பார்க்க ஆளில்லை.
அவள் நித்திரையானதும்
ஆமைக்கு முன்னால் சம்மணம் கட்டி இருப்பேன்.
சிவப்பை அமத்தினால் ரோட்.
நீலத்தை அமத்தினால் ப்ளாவ்.
மஞ்சளைக் கேட்கும்போது நீலத்தை அமத்தினால்
ஏசாது. நோஹ் ஐன்மால், என்னும்.
இன்னொருக்கா.
கந்தோர்க் கண்ணாடிகளுக்குப் பின்னால்
எத்தனையோ பேர் அதைச் சொல்லியிருக்கிறார்கள்,
இந்தக் குரலில் இல்லை.

பத்துவரை எண்ணப் பழகிய அன்று
தலை இழுத்து, பவுடர் போட்டு
பாண் கடைக்குப் போனேன்.
ட்ஸ்வை ப்ரோட், என்றேன்,
ஆமையின் அதே உற்சாகத்தோடு.
அந்தப் பெண் திருப்பிக் கேட்டது
ஆமைக்கே விளங்காத பேர்ண் பாஷை.
வீட்டுக்கு வந்து அதைக் கவிழ்த்துப் பார்த்தேன்,
அதற்கும் ஒரு பொத்தான்
எங்காவது வைத்திருப்பார்களோ என்று.
பற்றரி மூடிதான் இருந்தது.

ஆரபி பச்சையை அமத்துகிறாள்.
க்ரீன், என்கிறது கரகரத்து.
"அம்மா! நீங்கள் க்ரூனை இங்கிலீஷ் மாதிரிச்
சொல்லுறது இதாலதானா?"
அந்தக் கட்டத்தைத் திருப்பி அவளிடம் காட்டினேன்.
ஓரத்தில் நாலு பல் அடையாளம்.
"கடிச்சுக் கெடுத்தது ஆர்?"

பஸ் ஸ்டேஷனடியில் திரும்பியபோது
மடியில் இருந்த பை, ப்ளாவ், என்றது.
ஒருவரும் பேசாத பஸ்.
வலைக்குள் சுருட்டிய நத்தார் மரத்தோடு நின்றவர்
பையைப் பார்த்து, மிகப் பணிவாய்,
"ப்ளாவ்" என்று திருப்பிச் சொன்னார்.
ஆரபி ஜன்னலோடு ஒட்டிப்போனாள்.

ப்ரொக்கியில் சாமான் வாங்கும் அம்மா
பற்றரி போடுகிற எதையும் சோதிக்காமல் எடுக்கமாட்டாள்.
சிவப்பு, சரி. மஞ்சள், சரி.
பச்சைக்குப் புருவம் சுருக்கினாள். பழுதோ?
"பழுதில்லை. அது அப்பிடித்தான் சொல்லும்.
நானும்தான்."
சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது
பேர்ண் பாஷையில் சொல்லியிருக்கிறேன்.
அவள் சிரித்தாள். மூன்று பிராங் ஒட்டுத்தாளைக் கிழித்து
ஆமையின் முதுகில் ஒட்டினாள்.

பைகளை மடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறேன்.
ஆரபி விளையாட்டுச் சாமான் தட்டுக்கு முன்னால் நின்று
அந்த விலையை நகத்தால் மெதுவாய் உரித்து
ஆமையின் வயிற்றில் ஒட்டுகிறாள்.
"நீலத்தை மறைச்சிட்டுது."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவளது மற்றக் கையில்
வளைந்த தண்டவாளம், இரண்டு துண்டு.
ஒரு பிராங்.
சட்டம் போட்டவள்
சில்லறை தேடினேன்.