ஏழு பேர் ஆபீஸ்

ஜீரோ கேட்டுக்குப் போகிற கன்டெய்னர் வரிசை
இன்று எஸ்.என். செட்டி தெரு முனைவரைக்கும்.
இரண்டு டிரெய்லருக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து
பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு
மாடி ஏறினேன்.
கிளியரிங் ஏஜென்சி. ஏழு பேர். ஒரு பிரிண்டர்.

பழைய ரவுட்டர் பீரோவின் தலையில்
கண் அவிந்து கிடந்தது,
ஒரு ஆன்டெனாவுக்கு ரப்பர் பேண்டுக் கட்டோடு.
கேபிளைப் பிடுங்கினால்
முனையில் பச்சை பூத்திருக்கிறது.
காசிமேட்டுக் காற்று செம்பையும் தின்னும்.
வாரண்டி அட்டையில் அது இருக்காது.

வெட்டினேன், தோலுரித்தேன், எட்டு இழை:
வெள்ளையாரஞ்சு ஆரஞ்சு வெள்ளைப்பச்சை நீலம்
வெள்ளைநீலம் பச்சை வெள்ளைப்பழுப்பு பழுப்பு
என்று வாய்ப்பாடாய் உதட்டுக்குள் ஓட்டி
நகத்தால் நேர்செய்து நுழைத்து
ஒரே அழுத்து.

"ஆம்பள யாரும் வரலியாமா?"
என்று கேட்ட அகஸ்டின் சார்
நான் ஏணியில் ஏறியதும்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கரண்ட் கொடுத்ததும் சிவப்பு,
பிறகு ஆரஞ்சு,
பிறகு வெகுநேரம் யோசனை.
லைன் கம்பெனி வைத்துவிட்டுப் போன மோடமும்
நான் கொண்டுவந்த இதுவும்
ஒரே எண்ணைத் தன் வீட்டு எண் என்கின்றன.
இந்த ஏரியாவுக்கு இது புதிதா?
ஒரே கதவில் பழைய எண், புதிய எண் எழுதி வைத்தும்
தபால் வந்து சேரவில்லையா?
மோடத்துக்குப் பழையது. இதற்குப் புதியது.
பச்சை.

"வந்துச்சா?" என்றாள் நஸ்ரின்.
கறுப்புத் திரையில் பிங் ஓடவிட்டேன்.
பதில், பதினான்கு மில்லிசெகண்ட்.
பதில், பதிமூன்று.
பதில், பதினான்கு.
பதில் இல்லை.
பதில், பதினைந்து.
"வந்துச்சு" என்றேன்.
அந்த நாலாவது எங்கே போனதென்று
கேட்பவர் யாரும் இல்லை அந்த அறையில்.

போனை ஏந்தி நடந்தேன், தீபம் அணையாமல் பார்ப்பவள்போல.
பீரோவுக்குப் பின்னால் ஒரு கோடு.
படிக்கட்டில் மூன்று.
தெருவில், டயர்களுக்கு நடுவே,
ஆச்சரியமாய் நான்கு.

திரும்பி வந்து பட்டியலைத் திறந்தால்
ஏழு பேர் ஆபீஸில் பத்தொன்பது கருவி.
பழைய பாஸ்வேர்டையே வைத்திருந்தேன், சோதனைக்கு.
ரெட்மி, ரெட்மி, விவோ, ரெட்மி,
நவ்யா டாடி.

"யாரு இவன் நவ்யா டாடி?"

கீழே எட்டிப் பார்த்தோம்.
ஆந்திரா நம்பர் வண்டி.
ஸ்டியரிங்கில் சாய்த்த போனுக்குள்
விழுந்த பல்லின் இடத்தை
விரலால் இழுத்துக் காட்டுகிறது ஒரு பிள்ளை.

குணவதி எழுந்தாள்.
"நான்தான் சார் சொன்னேன்.
முப்பது மணி நேரமா நிக்கிறாங்க.
மேல வந்து பாத்ரூம் கேட்டாங்க.
அத குடுக்க முடியல.
இத குடுத்தேன்."

சார் ஃபேனைப் பார்த்தார். கொஞ்ச நேரம்.
"மாத்துமா."

மாற்றினேன்.
கீழே பிள்ளையின் வாய் திறந்தபடி உறைந்தது.
அவன் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி
இப்படியும் அப்படியும் திருப்பினான்,
மழையில் டம்ளர் பிடிப்பதுபோல.

ஏழு பேரும் புது எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்தபோது
அமைப்புப் பக்கத்தின் கடைசியில்
ஒரு சின்னக் கட்டத்தை டிக் செய்தேன்.
விருந்தினர் இணைப்பு.
ஆபீஸ் ஃபைல் எதையும் பார்க்க முடியாது.
வேகம் குறைவு. முகம் தெரிகிற அளவு.
பெயர் கேட்டது; ஜீரோ கேட் என்று கொடுத்தேன்.

"இன்னாமா, புச்சா ஒண்ணு காட்டுது?"
"டெஸ்டிங் சார்."
"எத்தினி நாளிக்கு டெஸ்டிங்?"
ஜன்னலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.
வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்திருந்தது.

பில்லில் கேபிள், இரண்டு முனை, கூலி மட்டும் எழுதினேன்.
அதைப் பிரிண்ட் எடுக்கப் போனால்
பிரிண்டர் இன்னும் பழைய எண்ணிலேயே நின்றுகொண்டு
யாரோ கதவு தட்டுவார்கள் என்று காத்திருக்கிறது.

அதற்கு நாளைக்கு வர வேண்டும்.