அறுபத்தாறு அடிக்குக் கீழே

ஏழு தாளாக ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிய ஆறு
செல்லூரில் என் மொட்டைமாடி முழுக்கக் கிடக்கிறது.
காற்றுக்குப் பறக்காமலிருக்க
டார்ச், உப்பு டப்பா, துவாரகநாத்தின் ஒற்றைச் செருப்பு,
நான்காம் மூலைக்கு ஜெயசீலியின் முழங்கை.
இரவுப்பணி முடிந்து நேரே வந்திருக்கிறாள்.
அவள் கண்ணயர்ந்தால்
அணைக்கட்டு சுருண்டுகொள்கிறது.

படகு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்ந்திருக்கிறது.
மூடிப்போன ரிசார்ட்டின் ஏலத்தில் எடுத்தது,
பன்னிரண்டடி ஃபைபர், முப்பத்தெட்டு கிலோ.
எடையை மட்டும் மூன்று முறை சரிபார்த்தோம்.
பேரணையில் தண்ணீர் கால்வாய்ப் பக்கம் திரும்பிவிடும்,
நாங்கள் நேரே போக வேண்டும்.
மிதக்காத இடமெல்லாம் தோள்.

முதல் இரவு, பெயர் தெரியாத மணல்திட்டு.
இரண்டாவது, அணைப்பட்டி.
மூன்றாவது, சோழவந்தான் கொடிக்கால் ஓரம்,
வெற்றிலைக்காரர் ஒருவரின் நம்பர் இருக்கிறது.
புளியோதரை மூன்று நாள் தாங்கும் என்கிறான் துவாரகநாத்.
நாலாம் நாள்?
நாலாம் நாள் மதுரைடா,
ஆரப்பாளையத்தில் கரையேறினால் பரோட்டா.

நகரத்துக்குள் நுழையும் கடைசித் தாளில்
ஜெயசீலியின் கையெழுத்து:
கையுறை, டெட்டால், டெட்டனஸ் ஊசி முன்கூட்டியே.
ஆற்றின் மற்ற ஆறு தாளிலும்
காபிக் கறை, அம்புக்குறி, அடித்தல் திருத்தல்.
அது மட்டும் சுத்தமாக இருக்கிறது.

போன ஞாயிறு பைக்கில் கரையோரம் பார்த்துவந்தோம்.
குருவித்துறை தாண்டி, ஆற்றுக்கு நடுவில்
ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார் ஒருவர்.
எங்கிட்டுப் போறீய?
ஆத்து வழியா மதுரைக்கு வரலாமான்னு பாக்குறோம்ணே.
அவர் ஆற்றைப் பார்த்தார்,
ஆடுகளைப் பார்த்தார்.
பஸ் இருக்கே, என்றார்.

திரும்பும் வழியில் ஒரு பள்ளம்.
லாரி லாரியாக மணல் போன இடம்,
பச்சையாக, அசையாமல், அழகாகக் கூட.
ஜெயசீலி வண்டியை நிறுத்தச் சொன்னாள்.
இந்த மாதிரி ஒன்றிலிருந்துதான்
இரண்டு பையன்களை என் வார்டுக்குக் கொண்டுவந்தாங்க,
நீச்சல் தெரிஞ்ச பையன்க.
அதற்குமேல் அவள் சொல்லவில்லை.
மறுவாரம் மூன்று லைஃப் ஜாக்கெட் வந்தது.
விலை யாரும் கேட்கவில்லை.
ஒன்றில் மட்டும் விசில் கட்டி
மார்க்கரில் என் பெயர் எழுதியிருந்தது.

சிக்கல் இதுதான்:
அணை அறுபத்தாறு அடி தொட்டால்
ஆட்டோவில் மைக் கட்டி வருவார்கள்,
ஆற்றில் இறங்காதீர், குளிக்காதீர், கடக்காதீர்.
தொடாவிட்டால் பாசனத்துக்குக் கொஞ்சம் திறப்பார்கள்,
படகின் வயிறு பாறையில் உரசும்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு வாரமோ, நாலு நாளோ.
அதைக் குறிவைத்து
துவாரகநாத் ஜவுளிக்கடையில் லீவு சொல்லவேண்டும்,
ஜெயசீலி ஷிப்ட் மாற்றவேண்டும்,
நான்,
நான் தினமும் காலையில் அணை அலுவலகத்துக்குப் போன் செய்யவேண்டும்.

ஐம்பத்தொன்பது சார், திறக்கல.
ஐம்பத்தொன்பதே கால்.
மூன்றாவது வாரத்தில் நான் பேசுவதற்கு முன்பே
அந்தக் குரல் எண்ணைச் சொல்லத் தொடங்கியது.
தேனிப் பக்கம் மழை என்றால்
அதுவாகவே இரண்டு வார்த்தை கூடச் சொல்லும்.
பெயர் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்று, அறுபத்து நாலு.
நாளைக்குச் சாயங்காலம் எண்ணூறு கனஅடி, நாலு நாளைக்கு.
மாடியில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று
ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
துவாரகநாத் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டான்,
தேனி படபடத்தது.

நீங்கதான சார் அந்தப் படகு ஆளு?
ஆமாங்க.
கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க,
நீச்சல் தெரியும்ல?

எட்டு மாதத் திட்டம்,
முப்பத்தோரு உருப்படிகள்,
எதிலும் இந்தக் கேள்வியை நான் எழுதவில்லை.

தெரியும்னு சொல்லு,
கண்ணைத் திறக்காமலே சொல்கிறாள் ஜெயசீலி,
முழங்கை அணைமேல் இருக்க.
அவருக்கு எதுக்கு வீண் கவலை.