முப்பத்தெட்டுக்கு இரண்டு

இரவு ஏழு மணிக்குச் சாவிக்கொத்தை வாங்கும்போதே
எண்ணிவிட்டேன்.
கட்டில் முப்பத்திரண்டு.
நோயாளிகள் முப்பத்தெட்டு,
மிச்சம் ஆறு பேர் தரையில், மெத்தை விரித்து.
நாங்கள் இருவர்:
நானும்,
வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாளான நொம்தாண்டாசோவும்.

டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டம் எரிகிறது.
சாம்பல் கறுப்பு நூல்நூலாக வந்து
ஜன்னல் வலையில் தொங்குகிறது.
இருமல் ஒரு கட்டிலில் தொடங்கி
வரிசையாக நடந்து போகிறது.
ஆக்சிஜன் வேண்டியவர்கள் நான்கு பேர்.
குழாய் மூன்று.

மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன்.
"சமாளியுங்கள் சிஸ்டர் படையாச்சி,
உங்களுக்குத் தெரியாததா" என்றார்.
இருபத்திரண்டு வருஷமாக
போனஸ் என்று எனக்குக் கிடைப்பது
இந்தச் 'சமாளியுங்கள்' ஒன்றுதான்.

போட்டது போட்டபடி வீட்டுக்குப் போக முடியாது.
போனால் நோயாளியைக் கைவிட்டவள்.
கவுன்சிலிலிருந்து கடிதம் வரும், பதிவெண் போகும்.
வேலைநிறுத்தம் கூடாது, எங்கள் வேலை அத்தியாவசியமாம்.
வேலை அத்தியாவசியம்,
ஆள்தான் அப்படி இல்லை போலிருக்கிறது.

சரி, நிற்கிறேன்.
நின்றபின் ஏதாவது ஆனால் கேட்பார்கள்:
இரண்டு மணிக்கு ஏன் நாடி பார்க்கவில்லை?
அந்த விசாரணை அறைக்குள்
முப்பத்தெட்டு வராது.
நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன்.

அதனால் எழுதினேன்.
பதிவேட்டில், கறுப்பு மையில், வரி விடாமல்.
மணி ஏழு இருபது. இத்தனை பேர். இத்தனை கைகள்.
யாரிடம் சொன்னேன், என்ன பதில் வந்தது,
இன்றிரவு எதெல்லாம் முடியும்,
எதெல்லாம் முடியாது.
*இது பாதுகாப்பில்லை. ஆட்சேபத்தோடு பணி ஏற்கிறேன்.*
அடியில் கார்பன் தாள்.
போன வாரம் வெருலத்தில் என் காசில் வாங்கியது.
"இதையெல்லாம் இன்னும் யார் கேட்கிறார்கள்" என்று
கடைக்காரர் தூசி தட்டிக் கொடுத்தது.

நொம்தாண்டாசோவைக் கையெழுத்துக் கேட்கவில்லை.
புதுசு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.
அவளே பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.
"இரண்டு என்று எழுதியிருக்கிறீர்களே,
அதில் ஒன்று நான்தானே."

மூன்று பத்துக்குத் தரை நான்கில் மூச்சுத் திணறல்.
யாரிடமிருந்து குழாயை எடுப்பது?
பதினேழாம் கட்டில் அம்மாள் தூக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.
அவளிடமிருந்து எடுத்தேன்.
நாற்பது நிமிஷம்
அவள் உதட்டின் நிறத்தையே பார்த்துக்கொண்டு
வேறு எட்டுப் பேருக்கு ஊசி போட்டேன்.
ஒன்பதாவது ஆளுக்கு நேரம் தவறியது.
அதையும் எழுதினேன்.

விடிந்தது. யாரும் சாகவில்லை.

அதுதான் சங்கடமாகிவிட்டது.
மேட்ரன் பதிவேட்டைப் புரட்டினார்.
"ஒன்றும் நடக்கவில்லையே சிஸ்டர்,
எதற்கு இவ்வளவு? அந்தத் தாளை எடுத்துவிடுங்கள்."
"பக்கத்துக்கு எண் அச்சடித்திருக்கிறது மேடம்.
நூற்றுப் பதினைந்தைக் காணோம் என்றால்
அதற்கும் ஒரு பக்கம் எழுத வேண்டிவரும்."
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.
அவருக்கும் ஆள் தரவில்லை என்று எனக்குத் தெரியும்.

நகல் என் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில்,
ஊறுகாய் எண்ணெய் படாமல் இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள்.
எட்டு மணிக்குச் சங்க அலுவலகம் திறக்கும்.

லிஃப்டில் எட்டாம் வார்டு ரஞ்சினி மூட்லி.
விடிய விடிய நின்ற கால்களை
ஷூவிலிருந்து பாதி வெளியே எடுத்து வைத்திருந்தாள்.
கதவு மூடும்வரை காத்திருந்து,
என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"கார்பன் மிச்சம் இருக்கா?"