முப்பத்தொன்றாம் எண் செருப்பு

ஜனவரி ஐந்து. மொண்டேவீடியோவில்
இன்றைக்கு நள்ளிரவு தாண்டியும் கடைகளை மூட மாட்டார்கள்.
விடிவதற்குள் மூன்று ராஜாக்கள் வந்துபோயிருக்க வேண்டும்;
ஒட்டகங்களுக்குப் புல்லும் ஒரு வாளித் தண்ணீரும்
வாசலில் வைத்துவிட்டுத்தான் படுத்தாள் நாஹியாரா.
புல் பிடுங்கியது பக்கத்து வீட்டுத் தோட்டத்தில்.
அது தனி வழக்கு.

இடக்கை இடுக்கில் வெந்நீர் பிளாஸ்க்
(எங்கள் ஊரில் அது இல்லாமல் தெருவில் இறங்கினால்
உடம்பு ஒரு பக்கம் சாயும்),
வலக்கையில் பை, பைக்குள்
அவளுடைய ஒற்றைச் செருப்பு.
இடது கால். முப்பத்தொன்றாம் எண்.
வாரின் ஓரத்தில் இன்னும் கடற்கரை மணல்.
அவள் விழித்துத் தேடினால் சமாளிக்க
அவள் அம்மா கதவோரம் உட்கார்ந்திருக்கிறாள்.

பரிசு செருப்புக்குள் இருக்க வேண்டும். அதுதான் முறை.

ஃபகுண்டோ என்று சட்டையில் எழுதியிருந்த பையன்
கண்ணாடிப் பெட்டியைத் திறந்தான்.
எத்தனை மெகாபிக்சல், எத்தனை மடங்கு ஜூம்,
தண்ணீரில் விழுந்தால் எத்தனை மீட்டர் தாங்கும்...
முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான்,
எண்ணைக் கேட்டால் கை தானாகச் சில்லறை தேடும்.
செருப்பை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.
"இதற்குள் போகிறதா பார், தம்பி."

அவன் சிரிக்கவில்லை. அதற்காகவே அவனைப் பிடித்துப்போயிற்று.
கறுப்பு போகவில்லை, லென்ஸ் முட்டியது.
வெள்ளி நிறத்தது போனது; விலையும் எங்கோ போயிருந்தது.
நீலத்தில் ஒன்று, போன வருஷத்து மாடல்,
குதிகால் பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது
கடைசி பஸ்ஸில் சீட் கிடைத்த ஆள் மாதிரி.

சரி, கை?
என் கட்டைவிரல் ஒரே அழுத்தில் மூன்று பொத்தானை அழுத்தியது.
எட்டு வயதுக் கை எவ்வளவு பெரிசு என்று
எனக்குத் தெரியவில்லை. பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கும்போது
யார் அளந்து பார்க்கிறார்கள்.

போன் உறை வாங்க வந்தவளின் பையன்,
மூக்கில் சளி, வாயில் ஐஸ்கிரீம் குச்சி.
அவளிடம் அனுமதி கேட்டேன். அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை,
குச்சியை என் கையில் திணித்துவிட்டுக்
கேமராவை வாங்கிக்கொண்டான்.
பிடித்துப் பார் என்றுதான் சொன்னேன்.
எடுத்துவிட்டான்.

சின்னத் திரையில் நான்,
கீழேயிருந்து.
முதலில் வயிறு. அதற்கு மேலே இரண்டு மூக்குத் துவாரம்.
பிளாஸ்க் ஒரு பக்கம், ஐஸ்கிரீம் குச்சி ஒரு பக்கம்,
நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் டியூப்லைட்.
சட்டையின் நான்காவது பொத்தானைக் காணோம்.

எப்போதிலிருந்து?
தினமும் முகம் மழிக்கிறேன், பார்க்காமலா இருப்பேன்.
ஆனால் என் கண்ணாடி மார்போடு நின்றுவிடும்.
எத்தனை மாதமாக
இந்த உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாளோ,
ஒரு வார்த்தை சொல்லாமல்.

"அழித்துவிடவா?" என்றான் ஃபகுண்டோ.
அழித்துவிடு என்றேன். புதுசு புதுசாக இருக்க வேண்டாமா.
கார்டுக்குத் தனி விலையாம். உறைக்கும் தனி.
பத்துத் தவணை, அக்டோபர் வரை.
ரசீதுக்குப் பெயர் கேட்டான். வாஷிங்டன் என்றேன்.
எங்கள் வயதுக்காரர்களுக்கு இப்படித்தான் வைத்தார்கள்.

வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டிருந்தார்கள், காவலும் சேர்த்து.
பெட்டியைப் பிரித்துக் கேமராவைச் செருப்புக்குள் வைத்தேன்.
தண்ணீரில் பாதியைச் செடிக்கு ஊற்றினேன்.
புல்லில் பாதியைக் குப்பைக்கு அனுப்பி
மீதியைக் கொஞ்சம் கலைத்துவைத்தேன்,
ஒட்டகம் அவசரமாகத் தின்ற மாதிரி.

பிறகு ஊசியைத் தேடினேன்.
வெள்ளைப் பொத்தான் இல்லை. மழைக்கோட்டிலிருந்து
பழுப்பு நிறத்தில் ஒன்றை அறுத்தெடுத்தேன்.
மூன்றாம் முறையும் நூல் காதுக்குள் போகவில்லை.
மணி நான்கு.
ராஜாக்களுக்கு இதையெல்லாம் யார் தைத்துக் கொடுக்கிறார்களோ.