மஞ்சள் கயிறு

முதலில் கேட்டபோது அது பாட்டு என்றே தெரியாது.
பிடதியில், இரண்டாம் ஷிஃப்ட்,
கதவு பொருத்தும் வரிசையில் பதினேழாவது ஸ்டேஷன்.
ஏதாவது பிசகினால்
தலைக்கு மேல் தொங்கும் மஞ்சள் கயிற்றை இழுக்க வேண்டும்.
இழுத்தால் பலகையில் என் எண் எரியும்,
கூடவே பதினொரு ஸ்வரம்,
கீ கொடுத்த பொம்மை மாதிரி,
ஒரு முறை, இரு முறை.
மூன்றாவது முடிவதற்குள் யாரும் வராவிட்டால்
வரிசையே நின்றுவிடும்.

அடுத்த ஸ்டேஷனில் கண்ணாடி ஏற்றும் தணிகைவேல்
"மோகனம்தான் இது" என்றார்.
அவர் மாமனார் நாகஸ்வரம்.
இருக்கலாம்.
எனக்கு அது
கீல் போல்ட்டில் முறுக்கு குறைந்தது என்று பொருள்.

கம்பெனி பஸ் கெங்கேரி தாண்டும்போது
நான் அதை முணுமுணுப்பதை
பக்கத்து சீட்டுப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.
"என்ன கெட்டுப்போச்சு இப்ப?" என்றாள்.

அன்றிரவு விடுதி மொட்டைமாடி.
ஈரத் துணிகளுக்கு நடுவே நின்று
போனிடம் முனகிக் காட்டினேன்.
முனகினால் போதும், கண்டுபிடித்துவிடும் என்று
தோய்பி சொல்லியிருந்தாள்,
பல் மருத்துவம் படிக்கிற இம்பால்காரி.
போன் யோசித்தது,
தப்பாகச் சொன்னது.

வந்தது வேறொன்று.
நான் பிறப்பதற்கு முன்னே யாரோ ஒரு பெண் பாடியது.
முதலில் பேஸ் கிதார் படியிறங்கி வருகிறது,
பிறகு அவள்,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு
பரவாயில்லை என்று நடக்கிறவள் குரலில்.
ஒரு சொல் விளங்கவில்லை.
ஆறாவது முறை கேட்டு முடித்தபோது
கீழே கேட்டைப் பூட்டியிருந்தார்கள்.

தப்பான கதவு வழியாகத்தான் உள்ளே போனேன்.
கதவு பொருத்துகிறவள் சொல்கிறேன்,
இது எனக்குப் பெரிய விஷயம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில்
காதில் விழுந்ததைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்.
எழுத எழுதச் சிரிப்பு வந்தது.
க. நொ. மி. ரு. த.
எல்லாம் உயிர்மெய்,
ஒற்றுக்குப் பஞ்சம்.
ன் மட்டும் தனியாக நிற்கிறது,
நம் பதினெட்டில் கடைசியாக நிற்கும் அதே ன்.
அங்கேயும் அதுதான் கடைசி எழுத்தாம்.
இதை யாரிடம் சொல்வது?
தணிகைவேலிடம் சொன்னேன்.
டீ ஆறுகிறது என்றார்.

செய்யாற்றிலிருந்து அம்மா.
"ராத்திரியெல்லாம் என்னடி பாட்டு,
எவன் அனுப்பினது?"
பிறகு, ஒரு ஜாதகம் வந்திருக்கிறது என்றாள்.
அங்கேயும் ஒரு மஞ்சள் கயிறு.
அதை இழுத்தால் என்ன மெட்டு வரும் என்று கேட்டேன்.
போனை வைத்துவிட்டாள்.

மார்ச்சில் நகோயாவிலிருந்து ஆலோசகர் வந்தார், ஒகுமுரா,
சட்டைப் பையில் நான்கு நிறப் பேனா.
மொழிபெயர்ப்பவர் வழியாகக் கேட்டேன்,
பதினேழின் மெட்டு என்ன பாட்டு?
காதைச் சாய்த்தார். தொப்பியைக் கழற்றினார்.
"எங்கள் ஊரில் மண்ணெண்ணெய் வண்டி வந்தால்
இதுதான் கேட்கும்.
பனியில் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்."

அவ்வளவுதான்.
காதலும் இல்லை, கடவுளும் இல்லை.
குளிருக்கு எண்ணெய்.

இடைவேளையில்
மொட்டைமாடிப் பாட்டைப் போட்டுக் காட்டினேன்.
அவருக்கு அவளைத் தெரியவில்லை.
முழுக்கக் கேட்டார்.
பச்சை மசியில்
அவள் பெயரைத் தன் கையுறையில் எழுதிக்கொண்டார்.

நேற்று, ஷிஃப்ட் முடிய இருபது நிமிடம்.
வெள்ளை வண்டி, இடது பின்கதவு,
ரப்பர் விளிம்பு
அரை மில்லிமீட்டர் தூக்கியிருந்த மாதிரி இருந்தது.
கயிற்றை இழுத்தேன்.
ஒரு முறை.
இரு முறை.
சூப்பர்வைசர் நஞ்சுண்டையா ஓடிவந்து
விரலால் தடவினார்,
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி தடவினார்,
"எல்லிம்மா?" என்றார்.

இங்கேதான் சார் இருந்தது.
சத்தியமாக இருந்தது.