கிணற்றடி றோஜர்

தம்பி மகன் அனுப்பிய படம்:
இங்கிலாந்தில் அவன் வாடகைக்கிருக்கும் சிற்றூர்,
நகரசபைச் சுவரில் ஒரு மரப்பலகை,
பாராளுமன்றம் போனவர்களின் பட்டியல்.
ஏழாவது பெயர் றோஜர் அட்வெல், 1393.
மற்றவர்களுக்குப் பக்கத்தில் ஒரு தொழில், ஒரு மரணம்.
இவனுக்கு வெறும் மரம்.

அதுதான் பிடித்துக்கொண்டது.

உப்புவெளியில் கரண்ட் போகாத இரவுகளில்
யாரோ கணினியில் ஏற்றிவைத்த சுருள்களில்
அவனைத் தேடினேன்.
இலத்தீன் தெரியாது, அகராதி மடியில்.
அட்வெல் என்றால் கிணற்றடியான்.
எங்கள் ஊரென்றால் கன்னியாவில் பிறந்திருப்பான்,
வெந்நீரிலேயே வளர்ந்திருப்பான்.

கிடைத்தது இவ்வளவு:
கடனுக்கு விற்ற கம்பளி மூன்று மூட்டை, அதற்கொரு வழக்கு.
அயலான் வேலியைப் பிடுங்கியதற்கு அபராதம்.
சபையில் இருந்த நாள் பதினேழு, போக வர ஆறு,
நாளுக்கு இரண்டு ஷில்லிங் படி.
பேசினானா, தூங்கினானா, தெரியாது.
படியை ஊர் கொடுக்கவில்லை.
பிறகு ஒரு வரி: றோஜரின் விதவை கேட்கிறாள்.
அடுத்த வருடமும் கேட்கிறாள்.
ஒன்பதாம் வருடத்தில் எலி கடித்த ஓட்டை.

ஒரு சுருளில் அட்வெல், ஒன்றில் அத்தேவெல்லே,
ஒன்றில் வெறும் வெல்ஸ்.
மூவரும் ஒருவரே என்பதில்
எனக்கொரு சந்தேகமும் வரவில்லை.
அதே வேலி, அதே கம்பளி. போதாதா?

காலையில் கச்சேரி.
வாசலில் ஒரு மான், யாரோ எறிந்த படிவத்தை
நின்று மென்றுகொண்டிருந்தது.
ஓய்வூதியப் பிரிவு, என் மேசை, மேலே கிடந்த கோப்பு:
துறைமுகத் தொழிலாளி, காலமானவர்.
பிறப்புப் பதிவில் பூபாலரெத்தினம்,
சம்பளப் பதிவில் பூபாலரத்னம்,
மரணப் பதிவில் பூவாலரட்ணம்.
'பெயர்கள் பொருந்தவில்லை. நிராகரிக்கப்படுகிறது.'
கீழே என் கையெழுத்து, நான்கு திகதிகளில்.
மை மட்டும் மாறியிருக்கிறது.

வாங்கில் அவள் இருந்தாள்.
நான்கு வருடமாய் அவளை
விண்ணப்பதாரி என்றே எழுதியிருக்கிறேன்.
கோப்பைப் புரட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்:
தெய்வானைப்பிள்ளை.
பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தாள்,
தன்னைத்தானா என்று.

மூவரும் ஒருவரே, என்று எழுதினேன்.
அடுத்த கட்டத்தில் 'ஆதாரம்'.
பேனா அங்கே நின்றுவிட்டது.

"உங்கட வளவில கிணறு இருக்கா அம்மா?"
ஏன் கேட்டேனோ.

"இருக்கு ஐயா," என்றாள்.
"உப்புத் தண்ணி."