கடைசி மெய்

மேலமாசி வீதியில் ஜவுளிக்கடைக்கு மேலே
மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.
வேட்டிப் பண்டல்களை ஓரமாய் ஒதுக்கி
இருபத்திரண்டு நாற்காலி போட்டோம்.
வந்தவர்கள் பதினான்கு பேர்,
அதில் ஒருவர் வாடகை கேட்க வந்தவர்.

படம் பிரெஞ்சு. இயக்குநர் பெயரை
நோட்டீசில் நான் ஒரு மாதிரி எழுதியிருந்தேன்,
பேராசிரியர் எட்வின் வேறு மாதிரி சொன்னார்.
கடைசி மெய்யை அவர்கள் உச்சரிப்பதில்லையாம்.
எழுதுவார்களாம்,
சொல்லும்போது விழுங்கிவிடுவார்களாம்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை.
லியோன் நகரத்தில் ஒரு செருப்புக்கடை.
ஒருவன் தினமும் வந்து ஒரே ஜோடியைப் போட்டுப் பார்க்கிறான்,
வாங்காமல் போகிறான்.
ஒரு நாள் வரவில்லை.
அவன் உட்காரும் முக்காலியை
கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிறது.

நம் ஊர்ப் படமென்றால் இந்நேரம்
வயலின் அழ ஆரம்பித்திருக்கும்.
இங்கே எதுவும் இல்லை.
அந்த இல்லாமைக்குள்
ஆரப்பாளையம் பஸ் ஹாரன் அடித்தது,
கீழே ஒருவன் பனங்கிழங்கு கூவினான்,
காதணி விழா மைக்செட்
"தாய்மாமன் மொய் ஐயாயிரத்து ஒண்ணு" என்றது.
எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு
முக்காலி அது பாட்டுக்கு இருந்தது.

அப்போது திரையின் அடியில் ஒரு வரி ஏறியது:
"போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கலாம் நீ."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அந்தத் தமிழ் என்னுடையது. பதினொரு இரவு.
ஆங்கிலம் வழியாக எடுத்ததால்
எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே
ஒரு மூன்றாம் ஆள் நின்றுகொண்டேயிருந்தான்.

விளக்குப் போட்டதும் பேராசிரியர் எழுந்தார்:
"பேச்சையும் முகத்தையும் பிரித்துவிட்டான் பாருங்கள்!
உதடு மூடிய பிறகு சொல் வருகிறது.
நினைவு அப்படித்தான் வரும். என்ன துணிச்சல்!"

சோணைமுத்து, சிம்மக்கல்லில் செருப்புக்கடையில் இருபது வருஷம்:
"துணிச்சல் இருக்கட்டும் சார்,
அந்தப் பிள்ளைக்கு லேஸ் கட்டத் தெரியல.
நாங்க கஸ்டமர் மொகத்தப் பாக்கறதேயில்ல,
கால வச்சே ஆளச் சொல்லிருவோம்.
இவ மொகத்தவே பாத்துக்கிட்டு இருந்தா.
அப்பவே தெரிஞ்சுபோச்சு, யாவாரம் ஆகாதுன்னு."

அன்றைக்கு வந்த நல்ல விமர்சனம் அதுதான்.
வாடகைக்காரர்கூடத் தலையாட்டினார்.

எனக்கு மட்டும் தெரியும்:
கோப்பு பிசகி வரிகள் நாற்பது நொடி பிந்தி ஓடின.
முதல் கால்மணியிலேயே கண்டுகொண்டேன்.
நிறுத்தியிருக்கலாம்.
பதினான்கு பேரும் அசையாமல் இருந்தார்கள்.

வீட்டில் சரிசெய்து மறுபடி பார்த்தேன்.
அந்த வரி முக்காலிக்கு உரியதல்ல.
பூனை வெளியே ஓடிவிட்டதென்று
அடுக்களையில் அவள் அண்ணன் திட்டுவது.
சரியான படம் சற்றுச் சிறியதாக இருந்தது.
அல்லது நான் தனியாக இருந்தேன்.

பேராசிரியரின் கட்டுரை அச்சாகி வந்தது,
மூன்று பக்கம், அந்த நாற்பது நொடியைப் பற்றி.
நன்றாகத்தான் இருக்கிறது.
எப்படி என்று என்னைக் கேட்டார்.
கடைசி மெய்யை
நானும் விழுங்கினேன்.

முபீனாவிடம் மட்டும் சொன்னேன்.
அண்ணாநகர் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள்,
மாதாமாதம் கடைசி வரிசையில் உட்காருபவள்.
"நீங்க எழுதினத நான் படிக்கவேயில்லையே" என்றாள்.
"அவன் போனதும் அந்த ஷூவப் பெட்டியில வைக்கிறா இல்ல,
அதுக்கு முன்னாடி உள்ள கைய விட்டுப் பாத்தா.
சூடு இருக்கான்னு."

ஒன்பது நாற்பதுக்கு வாடிப்பட்டி பஸ். ஓடிவிட்டாள்.

மூன்றாம் முறை போட்டுப் பார்த்தேன்.
இருக்கிறது அந்தக் கை.
திரையின் அடியில், தமிழ் ஏறும் இடத்தில்,
இரண்டு நொடிகூட இல்லை.
வசனமே கிடையாது அங்கே.
பிந்தி வந்த என் வரி ஒன்று
அன்றைக்கு அதன் மேல் ஓடியிருக்கும்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
"மீன் இன்றைக்கு என்ன விலை?"